வெஸ்டர்ன் பிளாட்: உறுதிச் சோதனை பதவியிறங்கிய கதை

1986ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமனின் யோசனைப்படி பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். எய்ட்ஸ் என்பது மேலைநாட்டுக்காரர்களின் நோய், இந்தியாவில் அதற்கு இடமில்லை என்று பலரும் உறுதியாக நம்பிய நேரம் அது. சென்னையில் சோதித்துப் பார்க்க வசதி கிடையாது. மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போயின. அங்கே, ரத்தத்தில் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் எலைசா சோதனைத் தட்டில், ஆறு மாதிரிகள் தொற்றின் அடையாளமான மஞ்சள் நிறம் காட்டின. ஆனாலும் உடனே யாரும் அறிவித்துவிடவில்லை. அந்தப் பெண்களிடம் மறுபடியும் ரத்தம் எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னொரு சோதனை செய்து தொற்று உறுதியான பிறகுதான், அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியைச் சொன்னார்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்குக் கடைசி முத்திரை குத்திய அந்தச் சோதனையை, இன்று எச்.ஐ.வி. கண்டறியப் பயன்படுத்தவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே நேரத்தில் உயிரியல் ஆய்வகங்களில் அது அன்றாட வேலையாக நீடிக்கிறது. தசை நோய்களிலும் மூளை நோய்களிலும் மருத்துவர்கள் இன்னும் அதைக் கேட்கிறார்கள். ஓர் இடத்தில் வேண்டாததாகவும் இன்னோர் இடத்தில் விட முடியாததாகவும் அது ஏன் இருக்கிறது என்பதற்கான விடை, அந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில், எலைசா பாசிட்டிவ் ஆன பிறகும் இன்னொரு சோதனை ஏன் தேவைப்பட்டது? எலைசா மோசமான சோதனை அல்ல. அரிதான ஒன்றைத் தேடும்போது நல்ல சோதனையும் சிக்கிக்கொள்கிற ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரத்தில் இருவருக்கு உள்ள தொற்றைப் பத்தாயிரம் பேரிடம் தேடுவதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் தொற்றுள்ளவர்கள் 20 பேர். தொற்றில்லாதவர்களில் 99.5 சதவீதம் பேரை அந்தச் சோதனை சரியாக விடுவித்துவிட்டாலும், மிச்சமுள்ள அரை சதவீதம் ஏறத்தாழ 50 பேர். ஆக, பாசிட்டிவ் வந்த 70 பேரில் 50 பேருக்குத் தொற்றே இல்லை. 1986இல் எச்.ஐ.வி.க்கு அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூடக் கிடையாது. அந்த நிலையில் தவறான பாசிட்டிவ் ஒரு குடும்பத்தை என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எலைசா குழியில் வைரஸின் புரதங்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ரத்தத்திலுள்ள ஏதோ ஓர் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், அவற்றில் ஏதோ ஒன்றில் ஒட்டினாலும் நிறம் வந்துவிடும். எதில் ஒட்டியது என்று தெரியாது. வெஸ்டர்ன் பிளாட் அந்தப் புரதங்களைப் பிரித்து வரிசையாக நிறுத்திவிட்டுப் பிறகு கேட்கிறது: இவற்றில் எதில் ஒட்டினாய்?

பிரிப்பது அளவை வைத்துத்தான். புரதக் கலவையை எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளுடன் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். சுருண்டு மடிந்து கிடந்த புரதங்கள் நீண்ட சரங்களாக விரிந்துவிடும். எஸ்.டி.எஸ். அவற்றின் நீளத்துக்கு ஏற்ப ஒட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் எதிர்மின்னூட்டம் தந்துவிடும். ஒவ்வொரு புரதத்துக்கும் இயல்பாக இருந்த வடிவமும் மின்னூட்டமும் இப்போது பொருட்டில்லை. நீளம் ஒன்றுதான் மிஞ்சும். கலவையை பாலிஅக்ரிலமைடு ஜெல்லின் மேல்முனையில் ஊற்றி மின்சாரம் செலுத்தினால், ஜெல் சல்லடைபோல வேலை செய்யும். சிறியவை விரைந்து கீழே இறங்கும். பெரியவை மேலேயே தங்கிவிடும். இன்று உலகெங்கும் பயன்படும் இந்த ஜெல் முறையை உல்ரிக் லெம்லி 1970இல் வெளியிட்டார். பக்கத்து வரிசையில் அளவு தெரிந்த புரதங்களை ஓடவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, நம் புரதம் எத்தனை கிலோ டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என்று மதிப்பிடலாம்.

ஜெல்லுக்குள் புதைந்திருக்கும் புரதத்தை ஆன்டிபாடி எளிதில் அணுக முடியாது. அதனால் மறுபடி மின்சாரம் செலுத்தி, ஜெல்லில் இருக்கும் அதே வரிசையில் புரதங்களை நைட்ரோசெல்லுலோஸ் சவ்வின் மேல் கொண்டுவந்து ஒட்ட வைப்பார்கள். சவ்வின் காலியிடங்களை வேறு புரதத்தால் அடைத்துவிட வேண்டும். கடையில் வாங்கும் கொழுப்பு நீக்கிய பால் பவுடரே பல ஆய்வகங்களில் இதற்குப் போதுமானதாக இருக்கிறது. பிறகு தேடும் புரதத்துக்கான ஆன்டிபாடி. அதன் மேல் ஒட்டுகிற இரண்டாவது ஆன்டிபாடி. இரண்டாவதன் வாலில் ஒரு நொதி கட்டியிருக்கும். நொதிக்கு உரிய வேதிப்பொருளை ஊற்றினால் அந்த இடத்தில் நிறமோ ஒளியோ வரும். சவ்வில் கறுப்பாக ஒரு பட்டை விழும். சொல்லும்போது சுருக்கமாக இருந்தாலும், செய்து முடிக்க ஒரு முழுநாளோ இரண்டு நாளோ ஆகிவிடும்.

1979இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹாரி டோபின், தியோஃபில் ஸ்டேஹெலின், ஜூலியன் கார்டன் மூவரும் இந்த முறையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் ஜார்ஜ் ஸ்டார்க்கின் குழுவும் இதுபோன்ற ஒன்றை வெளியிட்டது. பெயர் வந்தது சியாட்டிலிலிருந்து. டி.என்.ஏ.வை இப்படிச் சவ்வுக்கு மாற்றும் முறை, அதைக் கண்டுபிடித்த எட்வின் சதர்னின் பெயரால் ஏற்கெனவே சதர்ன் பிளாட் எனப்பட்டது. ஆர்.என்.ஏ.க்கான முறைக்கு விளையாட்டாக நார்தர்ன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த நீல் பர்னெட் அந்த விளையாட்டைத் தொடர்ந்து, புரதத்துக்கான முறைக்கு வெஸ்டர்ன் என்று பெயர் வைத்தார். அவருடைய கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டது. ஆனால் கைப்பிரதி ஆய்வகம் ஆய்வகமாகச் சுற்றிப் புகழடைந்து, கடைசியில் 1981இல் அச்சேறியது.

எச்.ஐ.வி. சோதனையில் இந்த முறை தலைகீழாகப் பயன்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆய்வகத்தில் நமக்குத் தெரிந்த ஆன்டிபாடியை வைத்துத் தெரியாத புரதத்தைத் தேடுகிறோம். நோயறியும்போது, சவ்வில் இருப்பது தெரிந்த வைரஸ் புரதங்கள். தேடப்படுவது நோயாளியின் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி. நிறுவனமே வைரஸ் புரதங்களைப் பிரித்து ஏற்றிய மெல்லிய சவ்வுப் பட்டையை அனுப்பிவிடும். அதன் மேல் நோயாளியின் சீரத்தை ஊற்றி, எந்தெந்த இடத்தில் கோடு விழுகிறது என்று பார்ப்பார்கள். வைரஸின் வெளியுறையிலிருந்து வருபவை ஜிபி160, ஜிபி120, ஜிபி41. உட்கூட்டிலிருந்து பி55, பி24, பி17. நொதிகளிலிருந்து பி66, பி51, பி31. எண்கள் எல்லாம் கிலோ டால்டன் கணக்கு. ஒரே நோயாளியின் ரத்தம் இவற்றில் ஏழெட்டு இடங்களில் கோடு போட்டால், தற்செயலாக ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1987இல் இதற்கு அனுமதி வழங்கியது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, எலைசா சந்தேகிக்கும், வெஸ்டர்ன் பிளாட் தீர்ப்புச் சொல்லும் என்பதே நடைமுறை.

சிக்கல், எல்லாக் கோடும் விழாதவர்களிடம் வந்தது. எத்தனை கோடு விழுந்தால் பாசிட்டிவ்? பி24, ஜிபி41, ஜிபி120/160 ஆகியவற்றில் ஏதாவது இரண்டு போதும் என்றது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். வெளியுறைக் கோடுகள் இரண்டு வேண்டும் என்றது உலக சுகாதார நிறுவனம். மூன்று வகையிலிருந்தும் ஒவ்வொன்று வேண்டும் என்றது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம். ஆக, ஒரே பட்டை ஓரிடத்தில் பாசிட்டிவ் என்றும் இன்னோரிடத்தில் தீர்மானிக்க முடியாதது என்றும் படிக்கப்படலாம். எச்.ஐ.வி.யே எய்ட்ஸுக்குக் காரணமில்லை என்று வாதிட்டவர்கள் இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு 1990களில் பெரிய ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அது விஷயத்தைத் திரித்ததுதான். தொற்று நிலைபெற்றுவிட்டவரின் பட்டையில் கோடுகள் நிறையவே விழும், எந்த விதியின்படியும் அவர் பாசிட்டிவ்தான். விதிகள் மோதுவது ஓரத்தில் நிற்பவர்களிடம் மட்டும்.

அந்த ஓரத்தில் நிற்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினருக்குத் தொற்றே கிடையாது. உடலின் வேறு ஏதோ ஆன்டிபாடி பி24 போன்ற ஒரே ஓர் இடத்தில் மங்கலாக ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் அதே முடிவு திரும்பத் திரும்ப வரும். இன்னொரு வகையினருக்குத் தொற்று இப்போதுதான் வந்திருக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ. பத்துப் பன்னிரண்டு நாட்களில் ரத்தத்தில் தென்படத் தொடங்கும். பி24 புரதம் அடுத்த சில நாட்களில் வரும். ஆன்டிபாடிகள் அதற்கும் பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக வரும். பி31 கோடு விழ ஏறத்தாழ மூன்று மாதம்கூட ஆகலாம். புதிய எலைசா முறைகள் பி24ஐயே நேராகப் பிடித்து மூன்று வாரத்துக்குள் பாசிட்டிவ் சொல்லும்போது, அதை உறுதிசெய்ய வேண்டிய வெஸ்டர்ன் பிளாட் நெகட்டிவ் என்றோ, தீர்மானிக்க முடியவில்லை என்றோ சொல்லிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், பிறருக்கு மிக எளிதாகப் பரவும் வாரங்கள் அவையே. மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தைவிடக் குறைவாக விவரம் அறிந்திருந்தால் அதற்கு என்ன மரியாதை?

எச்.ஐ.வி.-2 இன்னொரு இடைஞ்சல். மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாகவும் இந்தியாவில் குறைந்த அளவிலும் காணப்படும் இந்த வகைக்கான ஆன்டிபாடிகள், எச்.ஐ.வி.-1 பட்டையிலும் சில கோடுகளைப் போட்டுவிடும். எச்.ஐ.வி.-1க்குக் கொடுக்கும் நெவிராபின், எஃபாவிரென்ஸ் போன்ற மருந்துகள் எச்.ஐ.வி.-2இடம் பலிக்காது. எனவே வகை மாறிப் படித்தால் சிகிச்சையும் மாறிவிடும். 2014இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெஸ்டர்ன் பிளாட்டைத் தன் வழிமுறையிலிருந்து எடுத்துவிட்டது. அந்த இடத்தில் இரண்டு வகைகளையும் பிரித்துச் சொல்லும் விரைவுச் சோதனையும், தேவைப்பட்டால் ஆர்.என்.ஏ. சோதனையும் வந்தன. 2019இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளையும் அதைக் கைவிடச் சொன்னது.

இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்கெனவே வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று நாம் அறிந்த இடங்களில், வெவ்வேறு அடிப்படையில் அமைந்த மூன்று விரைவுச் சோதனைகளை அடுத்தடுத்துச் செய்து முடிவு சொல்கிறார்கள். செலவு குறைவு, அன்றே முடிவு தெரியும். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். முதல் சோதனையில் தவறாகப் பாசிட்டிவ் வந்த 50 பேருக்கு, வேறு அடிப்படையில் அமைந்த இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதே தவறு நேர்வது மிக அரிது. இதை ஒரு சமாதான ஏற்பாடாகக் கருதத் தேவையில்லை. விலையுயர்ந்த ஒரே நீதிபதியைவிட, ஒருவரையொருவர் சாராத மூன்று சாட்சிகள் மேல் என்பது வலுவான புள்ளியியல்.

ஆனால் எல்லா நோய்க்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தாது. பன்றி நாடாப்புழுவின் லார்வா மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கும் நியூரோசிஸ்டிசெர்கோசிஸுக்கு, 1989இல் அமெரிக்காவில் விக்டர் சாங் குழுவினர் ஏழு கோடுகள் கொண்ட ஒரு பிளாட் சோதனையை உருவாக்கினார்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நீர்க்கட்டிகள் உள்ளவர்களிடம் அது ஏறத்தாழ 98 சதவீதம் கண்டுபிடித்தது. எலைசாவைவிட அது இன்னும் நம்பகமானது. நம் ஊர் மருத்துவர்களுக்கு மட்டும் ஒரு குறை: இந்தியாவில் வலிப்போடு வரும் பலருக்கு மூளையில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும். ஒற்றைப் புண்ணில் அந்தச் சோதனையின் திறன் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழுந்துவிடுகிறது. எனவே வேலூரிலும் பிற ஊர்களிலும் ஸ்கேன் படத்தின் இலக்கணத்தை வைத்தே மருத்துவர்கள் முடிவெடுக்கப் பழகினார்கள்.

அளவு என்பதே கேள்வியாக இருக்கும் இடத்தில்தான் வெஸ்டர்ன் பிளாட்டின் உண்மையான தகுதி தெரியும். டூஷென் தசைச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். சிறுவர்களின் தசைகளைப் படிப்படியாக அழிக்கும் இந்த நோயில் காணாமல் போகும் புரதம் டிஸ்ட்ரோஃபின் என்று 1987இல் எரிக் ஹாஃப்மன், லூயிஸ் குன்கெல் குழுவினர் காட்டினார்கள். 427 கிலோ டால்டன் எடையுள்ள பெரும் புரதம் அது. ஜெல்லில் அரக்கி அரக்கி நகரும். சவ்வுக்கு மாற்றுவதும் சிரமம். தசையிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்துப் பிளாட் செய்தால், டூஷென் உள்ள சிறுவனிடம் அந்த இடம் காலியாக இருக்கும். அதைவிட மெதுவாகப் போகும் பெக்கர் வகையில் பட்டை இருக்கும், ஆனால் மங்கலாக, அல்லது வழக்கமான இடத்துக்குச் சற்றுக் கீழே. அதாவது புரதம் குட்டையாகிவிட்டது, ஆனாலும் ஓரளவு வேலை செய்கிறது. தசைத் துணுக்கை ஒளிரும் ஆன்டிபாடியால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் புரதம் இருக்கிறதா என்று தெரியும். குட்டையானதா என்று தெரியாது. இப்போது மரபணுச் சோதனையே முதலில் செய்யப்படுகிறது. அதில் தெளிவு கிடைக்காதபோது பிளாட் மறுபடி அழைக்கப்படுகிறது.

இந்த நோய்க்கான எட்டெப்லிர்சென் என்ற மருந்துக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த கதை, ஒரு பிளாட்டின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கு நல்ல உதாரணம். மருந்து, குட்டையான டிஸ்ட்ரோஃபினை உடலே தயாரிக்கும்படி செய்யும் என்பது கோட்பாடு. ஆரம்பத்தில் நுண்ணோக்கிப் படங்களை வைத்துப் பெரிய முன்னேற்றம் பேசப்பட்டது. கவனமாகச் செய்த வெஸ்டர்ன் பிளாட், 180 வாரம் மருந்து எடுத்த சிறுவர்களிடம் இருந்தது இயல்பான அளவில் சராசரியாக 0.93 சதவீதம் என்றது. இன்னொரு ஆய்வில் 12 பேரிடம் 48 வாரத்தில் 0.16 சதவீதம் 0.44 சதவீதமானது. இது கூடியிருப்பது உண்மை. இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்பதுதான் சண்டை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் உள்ளேயே மூத்த அதிகாரி எல்லிஸ் அங்கர் கடுமையாக எதிர்த்தார். மருந்துப் பிரிவின் தலைவர் ஜேனட் வுட்காக் அனுமதித்தார். விவகாரம் அப்போதைய ஆணையர் ராபர்ட் காலிஃப் வரை போய், அனுமதி நிலைத்தது. அப்போது ஆண்டுச் செலவு சுமார் 3 லட்சம் டாலர். என் பார்வையில் பிளாட் இங்கே தன் வேலையை நேர்மையாகவே செய்தது. ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று அது சொன்னது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லும் பொறுப்பையும் அதன் தலையில் கட்டியதுதான் தவறு.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். அங்கே பிளாட்டின் பலவீனம் முதலில் ஆன்டிபாடியில் தொடங்குகிறது. ஒரு புரதத்துக்கென்று விற்கப்படும் ஆன்டிபாடி அந்தப் புரதத்தில்தான் ஒட்டுகிறதா? விற்பனைப் பட்டியல் சொல்வதை நம்பியே ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன. கனடாவை மையமாகக் கொண்ட ஒய்க்காரோஸ் என்ற கூட்டுமுயற்சி, 65 புரதங்களுக்கான 614 வணிக ஆன்டிபாடிகளைச் சோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு செல்லில் குறிப்பிட்ட மரபணுவை அறவே நீக்கிவிட்டு, அதன் புரதத்துக்கான ஆன்டிபாடியைப் போட்டுப் பார்ப்பது அவர்கள் முறை. புரதமே இல்லாத செல்லிலும் பட்டை விழுந்தால் அது வேறு எதையோ பிடிக்கிறது என்று பொருள். சராசரியாக ஒவ்வொரு புரதத்துக்கும் பன்னிரண்டு கட்டுரைகள், அந்தப் புரதத்தை அறியாத ஆன்டிபாடியைப் பயன்படுத்தியிருந்தன.

அடுத்தது அளவிடுவது. மருந்து கொடுத்த செல்லில் பட்டை கறுப்பாகிவிட்டது என்றால், புரதம் கூடியதா, அந்தக் குழியில் கலவை சற்று அதிகமாக ஊற்றப்பட்டதா? இதற்காக எல்லாச் செல்லிலும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பப்படும் ஆக்டின், ஜி.ஏ.பி.டி.எச். போன்ற புரதங்களையும் கூடவே பிளாட் செய்து ஒப்பிடுவார்கள். ஆனால் ஆக்டின் ஏராளமாக இருப்பதால் அதன் பட்டை சீக்கிரமே முழுக் கறுப்பாகிவிடும். இரண்டு மடங்கு ஊற்றினாலும் அதற்கு மேல் கறுக்காது. ஒரே அளவு ஊற்றியதற்கான சாட்சி அங்கே குருடாகிவிடுகிறது. இன்று கவனமுள்ள ஆய்வாளர்கள் சவ்விலுள்ள மொத்தப் புரதத்தையே சாயமேற்றி அளக்கிறார்கள்.

இவை எல்லாம் கவனக்குறைவு. வேண்டுமென்றே செய்வது வேறு. கறுப்பு வெள்ளைப் பட்டை என்பது நகலெடுக்க மிக எளிதான படம். திருப்பிப் போட்டால், சற்று வெளிச்சம் கூட்டினால், இன்னொரு சோதனையின் முடிவுபோலக் காட்டலாம். எலிசபெத் பிக்கும் அவருடைய இணை ஆய்வாளர்களும் 40 இதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்து, 3.8 சதவீதத்தில் முறையற்ற படப் பிரதிகள் இருப்பதாக 2016இல் சொன்னார்கள். அவற்றில் குறைந்தது பாதி வேண்டுமென்றே செய்த மாற்றமாகத் தெரிந்தது. அல்சைமர் நோய்க்கு மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதத்தின் 56 கிலோ டால்டன் எடையுள்ள ஒரு கூட்டம் காரணமாகலாம் என்று 2006இல் நேச்சர் இதழில் வந்து மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, பிளாட் படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அல்சைமருக்கு அமிலாய்டே காரணம் என்ற கோட்பாடே அந்த ஒரு கட்டுரையைத்தான் நம்பியிருந்தது என்று சிலர் எழுதினார்கள். அது மிகை. ஆனால் அந்த ஒரு பட்டையைத் தேடி மற்ற ஆய்வகங்கள் செலவிட்ட ஆண்டுகள் திரும்ப வரப்போவதில்லை.

மோசடி இல்லாத கட்டுரையிலும் ஒரு பழக்கம் உண்டு. தேடிய பட்டையை மட்டும் ஒல்லியாக வெட்டியெடுத்து அச்சிடுவார்கள். மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது, அளவுகோல் எங்கே என்று தெரியாது. அளவு காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட சோதனையில் அளவை வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கறுப்புக் கோடு. ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி 2002 முதலே படங்களைச் சோதித்து அச்சிடுகிறது. வெட்டாத முழுப் பிளாட்டை இணைப்பாகத் தர வேண்டும் என்று இப்போது பல இதழ்கள் கேட்கின்றன. அந்த இணைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால், கட்டுரையில் ஒரே ஒரு பட்டை இருந்த இடத்தில் முழுச் சவ்வில் நாலைந்து இருப்பதைச் சில சமயம் காணலாம். மற்றவை என்ன என்று ஆய்வுக் கூட்டத்தில் ஒரு மாணவர் கேட்டுவிட்டால், அன்றைய கூட்டம் குறித்த நேரத்தில் முடியாது.